கறியில்லாத விருந்துக்கு வந்த மொய்

ஆவரங்கொல்லையில் பதினோரு பெண்கள் சேர்ந்து மருந்தடிக்காத தோட்டம் ஒன்று போடுவதற்காகப் பணம் தேடி அலைந்ததையும், பணத்தைத் தவிர மற்ற எல்லாமே அவர்களுக்குக் கிடைத்ததையும் இன்றைக்கும் அந்தப் பக்கத்து டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். சொல்லும்போது கண்ணை அகல விரிக்க மாட்டார், குரலைத் தாழ்த்த மாட்டார், பக்கத்து வீட்டில் கிணறு வெட்டியதைச் சொல்வதுபோலத்தான் சொல்வார். ஏனென்றால் பேராவூரணிக்கு மேற்கே அந்த வட்டாரத்தில், மொய் என்று ஒன்றை மைக்கில் சொல்லிவிட்டால் அது வந்து சேராமல் போனதாகச் சரித்திரம் கிடையாது.

அந்தப் பதினோரு பேருக்கும் முன்னால் நின்றவள் தமயந்தி. ஊர் ஊராக மல்லிகைக் கொல்லைகளுக்குப் போய்ப் பூப் பறிப்பதும், ஆண்கள் அடிக்கும் பூச்சிமருந்தை வாளியில் கலக்கிக் கொடுப்பதும் அவளுக்கு வேலை. கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த வாடை போகாது. ஒருநாள் மகள் ஓவியா, "அம்மா, நீ ஊட்டாத, சோத்துல மருந்து வாடை வருது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தமயந்தி அடுத்த வாரமே எருக்குழி போடுவதையும் மண்புழு வளர்ப்பதையும் கற்றுக்கொடுக்கும் இடங்களைத் தேடிப் பஸ் ஏற ஆரம்பித்துவிட்டாள். ஓவியாவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது சிங்கப்பூருக்குப் போன அவள் புருஷன் வைத்திலிங்கம் அப்போது அங்கேதான் கட்டட வேலையில் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். பத்து வருஷம் கழித்து, பாதி கட்டிய வீட்டுக்கு, முதுகுவலியோடும் இரண்டு பெட்டிகளோடும் திரும்பி வந்தான். வந்தவன் அதிகம் பேசவில்லை.

நிலம் கிடைத்துவிட்டது. ஊருக்கு வடக்கே ஆறு ஏக்கர், முப்பது வருஷமாகத் தைலமரம் நின்று, தண்ணீரை உறிஞ்சி, போன கோடையில்தான் வெட்டிப் போட்டது. மலேசியாவில் இருக்கும் சொந்தக்காரர் போனில், "குத்தகை எதுவும் வேணாம்மா, சும்மா வச்சுப் பாருங்க. ஆனா தை மாசம் என் ஆளு வந்து பாப்பான். பச்சை தெரியலேன்னா மறுபடியும் தைலங்கன்னுக்குக் குடுத்துருவேன்" என்று சொல்லியிருந்தார். கட்டை பிடுங்க வேண்டும், கிணறு தூர் வார வேண்டும், வேலி போட வேண்டும், எருவுக்கு மாடு வாங்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் வேண்டும்.

பேங்கில், "அடமானத்துக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். "நாங்க பதினோரு பேரு இருக்கோம் சார்" என்றாள் தமயந்தியின் கூட்டாளி வள்ளிக்கண்ணு. மேனேஜர் பதினோரு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஒரு கம்பெனியின் சமூக சேவைப் பிரிவிலிருந்து வந்தவர்கள் ஆளுக்கொரு மரக்கன்றைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அடுத்த ஊரிலும் போட்டோ எடுக்க வேண்டியிருந்ததால் போகும்போது கன்றுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சென்னையில் ஓர் அறக்கட்டளை, முதல் வருஷ விளைச்சலைப் படம் எடுத்து அனுப்பினால் முதல் வருஷச் செலவுக்குப் பணம் தருவதாகப் பெரிய மனது பண்ணிச் சொன்னது. மண்ணைச் சோதித்தவர் ஒருவர்தான் உள்ளதைச் சொன்னார். "மண்ணு செத்துப்போச்சும்மா. இலை விழுந்து மக்கி, புழு வந்து, இது பழையபடி மண்ணாகப் பத்து வருஷமாவது வேணும். பத்து வருஷத்தை எந்தப் பேங்க் குடுக்கும்?"

எல்லாக் கதவும் சாத்தியபிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் செய்வதைத்தான் இவர்களும் செய்தார்கள். ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்தார்கள். பந்தல் போட்டு, ஊரைக் கூப்பிட்டு, கிடாக்கறிச் சோறு போட்டால் சாப்பிட்டவர்கள் கையலம்பிவிட்டுத் தங்களால் ஆனதை மொய்யாக வைப்பார்கள், மைக்கில் பேரைச் சொல்லி எழுதிக்கொள்வார்கள். பிறகு அவரவர் வீட்டில் விருந்து வரும்போது, வாங்கியதையும் வைத்து அதற்கு மேல் கொஞ்சமும் வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டும். கடையும் லாரியும் வீடும் கல்யாணமும் அங்கே இப்படித்தான் உண்டாகின. எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள், ஒன்றைத் தவிர. உயிருள்ள மண்ணுக்காக வைக்கும் விருந்தில் உயிரைக் கொன்று போடுவது நன்றாகவா இருக்கும் என்று பதினோரு பேரும் கூடிப் பேசி, முருங்கைக்கீரைப் பொரியலும் பூசணிக்காய்க் கூட்டும் பலாக்கொட்டைக் குழம்பும் போட்டுவிட்டார்கள். மொய் விருந்துகளின் வரலாற்றில் அப்படி ஒரு காரியத்தை யாரும் செய்ததில்லை.

இலையில் உட்கார்ந்தவர்கள் குழம்பைக் கிளறிப் பார்த்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த நாடிமுத்து, நாலு ஏக்கர் கடலைக்காரர், வாய்த் துடுக்கானவர், "கறி பின்னாடி வருதா?" என்று கேட்டார். வராது என்று தெரிந்ததும் பந்தி முழுக்க ஒரு முணுமுணுப்புப் பரவியது. கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் முடியாது, பாதிச் சாப்பாடு உள்ளே போய்விட்டது. சாப்பிட்டுவிட்டு மொய் வைக்காமல் போகவும் முடியாது, அது குடும்பத்துக்கே இழுக்கு. கீரைக்கு எவ்வளவு வைப்பது என்றும் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் கீரைக்கு இதுவரை யாரும் வைத்ததில்லை.

நாடிமுத்துதான் முதலில் எழுந்தார். மொய் எழுதும் கலியமூர்த்தியின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, மீசையை நீவிவிட்டுக்கொண்டு, "எழுதிக்கப்பா. ஆவரங்கொல்லை நாடிமுத்து, மழை ஒண்ணு" என்றார்.

பந்தல் அதிர்ந்து சிரித்தது. ஆனால் கலியமூர்த்தி, ஆயிரம் விருந்துகளில் தலையை நிமிர்த்தாமல் எழுதிப் பழகியவர், காதில் விழுந்ததை அப்படியே மைக்கில் திருப்பிச் சொன்னார்: "ஆவரங்கொல்லை நாடிமுத்து, மழை ஒன்று." அதன் பிறகு கேட்க வேண்டுமா, ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். தோப்புக்காரர் அடைக்கலம், "நம்ம தென்னந்தோப்பு நிழலு, மத்தியானம் மட்டும்" என்றார். அவர் தம்பி தன் கிணற்றிலிருந்து ஊற்று ஒன்றைக் கொடுத்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் சத்தத்தை, கிளி விரட்ட ஆகும் என்று எழுதச் சொன்னார். அகப்பையோடு நின்றிருந்த தமயந்திக்கு முகம் எரிந்தது. பணமாக வந்தது சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும்தான் கட்டும் என்று பார்த்தாலே தெரிந்தது. இத்தனை பேர் முன்னால் தன் ஆசை கேலியாகிப் போய்விட்டதே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வைத்திலிங்கம் மேஜைக்கு வந்தான்.

"சொந்தப் பொண்டாட்டிக்கு மொய்யா? ஒரே அடுப்புக்குள்ள மொய் ஏதுப்பா?" என்றார் கலியமூர்த்தி, அன்றைக்கு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி.

"விருந்து பதினோரு பேரோடதுண்ணே. நானும் சாப்பிட்டுட்டேன்ல" என்றான் வைத்திலிங்கம். "சிங்கப்பூர்ல பத்து வருஷம் இருந்தனே, அதை எழுதிக்கங்க. எனக்கு அதால ஒண்ணும் ஆகலை. மண்ணுக்குப் பத்து வருஷம் வேணும்னு சொன்னாங்களாம், அங்க போகட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. கலியமூர்த்தி மெதுவாக மைக்கில் சொன்னார். தமயந்திக்கு அந்த நிமிஷம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்றால், வந்த நாளிலிருந்து பேசாத மனுஷன் தனக்காக ஊர்முன்னால் பேசிவிட்டானே என்று உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்துபோனாள். பிறகு பல நாள் அந்தச் சந்தோஷத்துக்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மழை அந்த வாரமே வந்தது. வடக்கே ஆறு ஏக்கருக்கு மேல் மட்டும் கருத்து, எல்லைக் கல்லுக்கு எல்லைக் கல் அளந்ததுபோல நின்று, சாயங்காலம் வரைக்கும் பெய்துவிட்டுப் போனது. ஊர் வரப்பில் குடை இல்லாமல் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தது. அதற்கு அடுத்து ஊருக்கெல்லாம் பெய்த மழை நாடிமுத்துவின் கடலைக் கொல்லையை மட்டும் சுற்றிக்கொண்டு போனது. அவர் காய்ந்த கொல்லையில் நின்று, "எழுதுனா எழுதுனதுதான். யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பிறகு நிழல் வந்தது. உச்சிப்பொழுதானால் மரமே இல்லாத பொட்டலில் தென்னங்கீற்று நிழல்கள் விழுந்து அசைந்தன. பெண்கள் அதில் துண்டை விரித்துச் சாப்பிட்டார்கள், ஊர் ஆடுகளும் விஷயம் தெரிந்து வந்து படுத்துக்கொண்டன. அந்த நேரத்தில் அடைக்கலத்தின் தோப்பில் தேங்காய் உரிப்பவர்கள் மரத்தடியிலேயே வெயிலில் வெந்தார்கள், அடைக்கலம் வாயைத் திறக்காமல் அவர்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். தூர்ந்த கிணற்றில் ஊற்று வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாயசைத்துப் படிக்க, அவர்கள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் தோட்டத்தில் கேட்டுக் கிளிகள் பறந்தன. டீக்கடையில் இது எப்படி என்று ஒருவரும் பேசவில்லை. நிழலைத் திருப்பிச் செய்யும்போது அதற்கு மேல் எவ்வளவு வைப்பது, மத்தியானத்துக்கு மத்தியானம் போக இன்னும் அரைமணி நேரம் கூட்டுவதா, அல்லது கொஞ்சம் அடர்த்தியாகக் கொடுத்தால் போதுமா என்றுதான் மணிக்கணக்காகச் சண்டை போட்டார்கள். அறக்கட்டளை ஆள் ஒருவர் சென்னையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, அந்த நிழலில் தங்கள் போர்டை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வள்ளிக்கண்ணு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

கடைசியாகச் சொன்ன மொய் கடைசியாக வந்தது. ஆவணி பிறந்த ஒரு காலையில், "தமயந்தி, ஓடியாடி, வந்து மண்ணைப் பாரு!" என்று வடக்கேயிருந்து பெண்கள் கூவினார்கள். தைலக்கட்டைகள் உளுத்துப் பொடியாகி, இலையெல்லாம் மக்கி, விரலை விட்டால் முழங்கை வரை போகும் கறுத்த மண், பிடித்த பிடியில் எல்லாம் புழு. அதே நேரத்தில் வீட்டுக்குள் வைத்திலிங்கம் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, "அடியே, பெட்டியை எங்க வச்ச? ஏஜெண்டு கார் வந்துரும்ல" என்றான். வாசலில் நின்று பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பார்த்தான். "இது யாரு வீட்டுப் புள்ள? நம்ம பாப்பா இன்னும் எந்திரிக்கலையா?"

ஓவியாவின் கையில் சடை பாதியில் நின்றது. தமயந்தி வாசற்படியில் நின்றாள். வெளியே அவளைக் கூவிக் கூவிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. பத்து வருஷத்தைக் கொடுத்தவனுக்குப் பத்து வருஷம் இல்லாமல் போவது நியாயந்தானே என்றார்கள். நரையும் முதுகுவலியும் அவனிடமே இருந்தன, காலம் மட்டும்தான் போயிருந்தது. அவனுக்கு வேண்டாத பத்து வருஷம் என்றுதான் அவன் கொடுத்தான். மகள் வளர்ந்த கதையை வாராவாரம் போனில் கேட்டுக் கேட்டு நெஞ்சில் வைத்திருந்ததும் அதற்குள்ளேதான் இருந்தது என்று அவனுக்குத் தோன்றவில்லை. விஷயத்தைச் சொன்னதும் நம்பினான், ஓவியாவை மரியாதையாகப் பார்த்தான், கடைக்குப் போனால் தேன்மிட்டாய் வாங்கி வந்து கொடுத்தான். அவள் அதை அவன் முன்னால் சாப்பிட்டுவிட்டு, கொல்லைப்புறம் போய் அழுதாள்.

தோட்டம் மட்டும் நிற்காமல் வளர்ந்தது. கத்தரியும் வெண்டையும் அவரையும் தழைத்தன, பாத்தியோரம் செண்டுமல்லி பூத்தது. ஆவணிக் கடைசியில் நாடிமுத்து விருந்து வைத்தார், கறிவிருந்துதான். தமயந்தி கையலம்பிவிட்டுப் போய், "மழை ஒண்ணு, மேக்கொண்டு ஒரு தூறல்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த மழை தோட்டத்தை விட்டுவிட்டு நாடிமுத்துவின் கொல்லையில் இரட்டிப்பாகப் பெய்து, மறுநாள் ஒரு தூறலும் போட்டது. பெய்து தீர்ந்த அதே மழையைத் திருப்பித் தர வேண்டியதில்லை, அதற்கு ஈடாகத் தன் பங்குக்கு உள்ளதைக் கொடுத்தால் போதும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கியது. தை மாதம் மலேசியாக்காரரின் ஆள் வந்தான், வரப்பில் நின்று போனிலேயே பச்சையைக் காட்டினான், போகும்போது ஒரு பை கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போனான். நிலம் நின்றது. பதினோரு பேரும் மருந்து வாளியைத் தொடாமல் ஒரு பொங்கல் கொண்டாடினார்கள்.

வைத்திலிங்கம் பாதியில் நின்ற வீட்டுச் சுவரைத் தினமும் சுற்றிச் சுற்றி வந்தான். சித்திரையில் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் கிளம்பலாம்னு இருக்கேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் குடுத்தாச்சு" என்றான்.

"போய்ட்டுத்தாங்க வந்துருக்கீங்க" என்றாள் தமயந்தி.

"நீ சொல்ற, ஊரு சொல்லுது. எனக்கு நான் போகவே இல்லையே. பாப்பா படிப்புக்குக் காசு வேணாமா? ஒரு பத்து வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு வந்துட்டா நிமிர்ந்துரலாம்." அவன் முகத்தில், முதல் தடவை கிளம்பியபோது இருந்த அதே தெளிவு இருந்தது. ஒரு மனுஷனின் ஆயுளில் ஒரே பத்து வருஷத்தை இரண்டு தடவை தொலைக்கப் போகிறானே, அதைத் தடுக்க ஒரு வழியும் தெரியாமல் தான் கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருக்கிறோமே என்று அவள் அன்று முழுக்கப் பாத்தியில் உட்கார்ந்திருந்தாள்.

ஏஜெண்டுக்குக் கட்டும் பணத்துக்காக அவன் ஆடியில் மொய் விருந்து வைப்பதென்று முடிவானது. மொய் வாங்கியவள் திருப்பிச் செய்யும் நாள் அதுதான் என்று தமயந்திக்குத் தெரிந்துவிட்டது. மழையை எப்படித் திருப்பினாளோ அப்படித்தான் இதையும் திருப்ப வேண்டும், அவளிடமும் அதே பத்து வருஷம் இருந்தது. ஓவியாவின் சின்னம்மையும் முதல் சைக்கிளும் மழலை போன நாளும் எல்லாம் அதில் இருந்தன. மேற்கொண்டு வைக்க வேண்டியதற்கு அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், இந்தக் கடைசி வருஷம், தோட்டத்து வருஷம்.

வைகாசி முழுக்க அவள் வள்ளிக்கண்ணுவைக் கூடவே வைத்துக்கொண்டு எருக்குழியிலிருந்து விதை எடுப்பது வரைக்கும் தெரிந்ததையெல்லாம் காட்டிக் கொடுத்தாள். "எங்கயும் போகப்போறியாக்கா?" என்று வள்ளிக்கண்ணு கேட்டாள். "இங்கதான்டி இருப்பேன்" என்றாள் தமயந்தி.

என்ன மொய் வைக்கப்போகிறாள் என்பதை ஓவியாவிடம் மட்டும் சொன்னாள். ஓவியா, "அப்பா விருந்தாளியப் பாக்குற மாதிரி என்னையப் பாக்குறாரு. நீயும் அப்புடிப் பாத்தா நான் எங்க போவேன்?" என்றாள்.

"அப்பா எனக்கு எல்லாத்தையும் சொல்லுவாருடி."

"நீயுந்தான் அவருக்குச் சொல்லிச் சொல்லிப் பாத்த. மனசுல நின்னுச்சா?"

"அவரு தெரியாமக் குடுத்தாரு. நான் தெரிஞ்சு குடுக்குறேன்" என்றாள். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பதினாலு வயசுக் கால்கள் மடியை விட்டு நீண்டு கிடந்தன. ஞாபகம் இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விருந்தன்று கிடாக்கறி மணத்தது. தமயந்தி நன்றாகச் சாப்பிட்டாள், கையலம்பினாள், மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். "எழுதிக்கங்கண்ணே. ஆவரங்கொல்லை தமயந்தி, பத்து வருஷம். மேக்கொண்டு ஒரு வருஷம்." கலியமூர்த்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வேணாம் ஆத்தா" என்றார் நாடிமுத்து, பந்தியிலிருந்து எழுந்து வந்து. "நான்தான் விளையாட்டா ஆரம்பிச்சு வச்சேன்." தமயந்தி மைக்கைத் தன் பக்கம் திருப்பித் தானே சொன்னாள். பந்தலில் அத்தனை பேருக்கும் அது கேட்டது.

அது வந்து சேர்ந்த காலையில் வைத்திலிங்கம் விடியுமுன் எழுந்து, மகள் தூங்கும் பாயருகே போய் உட்கார்ந்தான். "சின்னம்மை போட்டப்பவும் இப்புடித்தான் குப்புறப் படுத்துக் கெடந்த. வேப்பிலை குத்துதுன்னு அழுத" என்றான். ஓவியா கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள், எழுந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சுவரோரம் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் இருந்த பையை அவன் எடுத்துப் பரணில் போட்டான். போட்டுவிட்டு, தமயந்தி தூங்கும் அடுத்த அறையைப் பார்த்து நின்றவன் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், ஏனென்றால் அவள் தனியாகக் கழித்த அந்தப் பத்து வருஷம் எப்படி இருந்தது என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

தமயந்தி கண் விழித்ததும், "ஏங்க, மணி என்ன? கிளம்பலையா?" என்றாள். பாதி கட்டிய சுவரைப் பார்த்தாள். அவன் நரையைப் பார்த்தாள். வாசலுக்கு வந்தாள், வடக்கே பார்த்தாள், தன்னை அறியாமல் நடந்தாள். வரப்பில் போய் நின்றபோது பூசணிக்கொடிகள் கால் வரைக்கும் வந்து கிடந்தன, வெண்டைப் பூக்கள் அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தன, பத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காற்றில் மருந்து வாடையே இல்லை.

பின்னாலேயே வந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். "நீ யாரும்மா?"

"ஓவியாம்மா."

"பாப்பாவா?" தமயந்தி அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியையும் காதையும் தடவித் தடவிப் பார்த்தாள். ஓவியா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தமயந்தி மறுபடியும் பச்சையைப் பார்த்தாள். "தைலமரக் காடுல்ல இது? இப்ப யாரு தோட்டம்?"

"நம்ம தோட்டம்."

"நமக்கு ஏதுடி இவ்ளோ? இதுக்கெல்லாம் யாரு குடுத்தா?"

ஓவியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீதாம்மா" என்றாள்.